காசிமேட்டில் விழுபவருக்குக் காசிமேட்டிலேயே ஷாக் வேண்டும்

காசிமேடு மீன் ஏலக்கூடத்தில், துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக் கிடக்கும் கண்டெய்னர் லாரி வரிசையில், எண்ணூர் ஆலைகளின் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒருவர் திடீரெனச் சாய்ந்தால், பார்க்க ஆள் இல்லாமல் போகாது. வடசென்னைக்கு வாய்த்த இந்த அனுகூலத்தை நம் அவசர இதய சிகிச்சை முழுதாகப் பயன்படுத்த வேண்டும்.

பார்த்தவர் இருப்பது மருந்தின் பலனையே மாற்றக்கூடும். இதயத்தின் கீழறைகள் ரத்தத்தைத் தள்ளாமல் வெறுமனே நடுங்கும்போது முதல் சிகிச்சை மின் அதிர்ச்சிதான். மூன்று ஷாக் கொடுத்தும் அடங்காவிட்டால் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் மருந்தை 300 மில்லிகிராம் நரம்பில் செலுத்துவார்கள். 2016இல் வெளியான அமெரிக்க, கனடா ஆய்வு மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்ற 3,026 பேரை ஆராய்ந்தது. வெற்று ஊசி போட்டவர்களில் 21 சதவீதம் பேரும், அமியோடரோன் பெற்றவர்களில் 24.4 சதவீதம் பேரும் பிழைத்து வீடு திரும்பினார்கள். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்றது ஆய்வு. ஆனால், விழுந்ததை அருகிலிருந்தவர் பார்த்த நிகழ்வுகளைத் தனியே எடுத்தபோது வெற்று ஊசியில் 22.7 சதவீதமாக இருந்த பிழைப்பு அமியோடரோனில் 27.7 சதவீதம் ஆனது. விலை மலிவான லிக்னோகைன் மருந்தும் அதே அளவு உதவியது.

ஆகவே மருந்தை அலமாரியில் அடுக்கினால் மட்டும் போதாது. மார்பை அழுத்தாமலும் ஷாக் கொடுக்காமலும் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதத்தைத் தின்றுவிடுகிறது. எண்ணூர் விரைவுச்சாலையின் லாரி நெரிசலில் அரசு ஸ்டான்லி மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள் என்ன மிஞ்சும்?

2023இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம் நல்ல திட்டம். மாரடைப்போடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகள் கொடுத்து அனுப்புகிறார்கள். நினைவிழந்து கிடப்பவரால் அவற்றை விழுங்க முடியாது. அவருக்கான ஏற்பாடே அடுத்த படியாக இருக்க வேண்டும்.

தானியங்கி ஷாக் கருவி மருத்துவர் இல்லாமலே இயங்கும். எங்கே ஒட்டுவது, எப்போது அழுத்துவது என்று அதுவே சொல்லும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி வேண்டும் என்றது. அந்தப் பெட்டியின் பக்கத்தில் இந்தக் கருவியையும் கட்டாயமாக்க மாநில அரசு முன்வர வேண்டும். ஊசி மருந்து அப்படியல்ல. இ.சி.ஜி. திரையும் பயிற்சி பெற்றவரும் இல்லாத இடத்தில் அதைக் கையாளக் கூடாது. அமியோடரோன் ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிடும். மாரடைப்புக்குப் பின் வரும் கூடுதல் துடிப்புகளை அடக்கிய சில மருந்துகள் மரணத்தைக் கூட்டின என்று அமெரிக்க ஆய்வொன்று 1989இலேயே கண்டு பாதியில் நிறுத்தப்பட்டது. அதனால் அமியோடரோனும் லிக்னோகைனும் 108 ஆம்புலன்ஸ்களில் எவற்றில் இருக்கின்றன, திருவொற்றியூரில் இரவு நேரத்தில் யார் பொறுப்பு என்பதை சுகாதாரத் துறை வெளியிட வேண்டும்.

மார்பை அழுத்தக் கற்றுத்தர அரை நாள் போதும். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மாணவர்கள் ஏலக்கூடத்துப் பெண்களுக்கும் லாரி ஓட்டுநர்களுக்கும் கற்றுத்தரலாம். துறைமுக வாசல்களில் மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினர் இரவும் பகலும் நிற்கிறார்கள். முதல் கருவிகளை அவர்களிடம் கொடுங்கள்.