பழைய வண்டிக்கு எதுக்குங்க புது டிஸ்க்?

நம்மகிட்ட இருக்கறது 2003 மாடல் மாருதி ஜென். இன்னிக்கு வித்தா எவ்ளோ வரும்னு கேட்டா கேக்கறவங்களே சிரிச்சிடுவாங்க. அதனால முன்பக்க பிரேக் டிஸ்க் ரெண்டையும் மாத்தப் போறேன்னு சொன்னதும் வீட்ல ஆரம்பிச்சு ஒர்க்‌ஷாப் வரைக்கும் ஒரே கேள்விதான்: "இந்த வண்டிக்கு இவ்ளோ செலவு தேவையா?"

தேவைதாங்க. ஏன்னு சொல்றேன்.

போன மாசம் குடும்பத்தோட கொல்லிமலை போயிட்டுத் திரும்பினோம். காரவள்ளி வர்ற வரைக்கும் 70 கொண்டை ஊசி வளைவு. பாதி மலை இறங்கினதும் பிரேக்கை மிதிச்சா பெடல் காலை உதற ஆரம்பிச்சுது. இன்னும் நாலு வளைவு தாண்டினா கருகின வாசனை. ஓரங்கட்டி முக்கால் மணி நேரம் உக்காந்திருந்தோம். பின்சீட்ல பாப்பா தூங்கிட்டிருந்தா. அந்த நேரத்துல வண்டி எவ்ளோக்குப் போகும்னு எனக்கு ஞாபகமே வரலை.

தப்பு என் மேலயும் உண்டு. ரெண்டாவது கியர்ல ஏறின மலையை மூணாவதுல இறங்கினேன். இறக்கத்துல பிரேக்கை மட்டும் நம்பக் கூடாதுங்கறது நம்ம ஊர்ல எந்த லாரி கிளீனரைக் கேட்டாலும் சொல்ற பாடம். அதே ஊர்லதான் நியூட்ரல்ல உருட்டி டீசல் மிச்சம் பிடிக்கிறவங்களும் இருக்காங்க. 2020 டிசம்பர்ல தொப்பூர் கணவாய்ல கட்டுப்பாடு இழந்த சிமெண்ட் லாரி ஒண்ணு, நின்னுட்டிருந்த வண்டிங்க மேல மோதி நாலு உயிர் போச்சு. அந்த ரோட்ல இறங்கறப்பல்லாம் வயித்தைக் கலக்கும்.

சரி, மேட்டருக்கு வருவோம். மெக்கானிக் அண்ணன் சொன்னார், "லேத்துல குடுத்து டிஸ்க்கை ஒரு சீவு சீவிடலாங்க, பேடு மட்டும் புதுசு போட்டுக்கலாம்." லாரி பாடி கட்டறதுக்குப் பேர் போன நாமக்கல்ல லேத்துக்கா பஞ்சம்? ஆனா இது ஏற்கெனவே ஒரு தடவை சீவின டிஸ்க். குறைஞ்சபட்ச தடிமன் எவ்ளோன்னு பெரும்பாலும் டிஸ்க்லயே பொறிச்சிருப்பாங்க. மைக்ரோமீட்டர் வெச்சுப் பார்த்தா அதை ஒட்டி நிக்குது. இன்னும் சீவினா அதுக்கும் கீழ போயிடும்.

பிரேக்குங்கறதே வண்டியோட ஓட்டத்தை சூடா மாத்தற வேலைதான். அந்த சூட்டை வாங்கிக்க இரும்பு வேணும். டிஸ்க் மெலிஞ்சா சீக்கிரம் கொதிக்கும். பிரேக் பிடிக்கிறப்ப பாரம் முன்னால சாயறதால பெரும்பங்கு வேலை முன் சக்கரத்துக்குத்தான். அங்க போய் கஞ்சத்தனம் பண்ணலாமா?

அதனால ரெண்டு பக்கமும் டிஸ்க், பேடு ரெண்டுமே புதுசு. கையோட பிரேக் ஆயிலும் மாத்தியாச்சு. அது காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதுசுல குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறிட்டா அதுவே 140 வரைக்கும் இறங்கிடலாம். மலை இறக்கத்துல ஆயில் கொதிச்சா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும், வண்டி நிக்காது.

வண்டியோட விலையைப் பார்த்து பிரேக்குக்குச் செலவு பண்றது தப்புக் கணக்குங்க. சீட்ல உக்காந்திருக்கறவங்களைப் பார்த்துப் பண்ணுங்க. பெயிண்ட் போகட்டும், ஏசி வேலை செய்யாம போகட்டும். நிக்க வேண்டிய இடத்துல நிக்கணும், அவ்ளோதான்.

டிஸ்கி: டிஸ்க் பத்தி எழுதிட்டு டிஸ்கி போடாம இருக்க முடியுமா :) புது பேடு போட்டதும் வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி, பெடல் கெட்டியாகிற வரைக்கும் நல்லா மிதிச்சுப் பாருங்க. முதல் மிதி சும்மா உள்ள போகும். அதை செவுத்துக்கு முன்னாடி தெரிஞ்சிக்கிட்டவன் சொல்றேன்.