ஜிடிகே 5-இல் எக்ஸ்11 ஆதரவு நீக்கம்: எங்கள் நிலைப்பாடு

வரைகலை இடைமுகங்களை உருவாக்க உதவும் ஜிடிகே கருவித்தொகுப்பின் 4.18 பதிப்பு 2025 மார்ச்சில் வந்தபோது, எக்ஸ்11 பின்தளத்துக்கு முடிவு குறிக்கப்பட்டது. ஜிடிகே 4 உள்ளவரை அது இருக்கும். ஜிடிகே 5-இல் இராது. கட்டற்ற மென்பொருள் பயனர் அமைப்பான நாங்கள் இம்முடிவை ஆதரிக்கிறோம். ஆனால் பயனர்கள் இழக்கவிருக்கும் வசதிகளுக்கு மாற்று வந்த பிறகே நீக்கம் நடக்க வேண்டும்.

ஏன் ஆதரிக்கிறோம்

1987-இல் வந்த சாளர நெறிமுறையான எக்ஸ்11, ஒரே திரையில் ஓடும் நிரல்கள் ஒன்றையொன்று நம்பலாம் என்ற எண்ணத்தில் கட்டப்பட்டது. எக்ஸ்11 அமர்வில் முனையத்தைத் திறந்து, எக்ஸ்இன்புட் என்ற சிறு நிரலைக் கண்காணிப்பு நிலையில் ஓடவிட்டுப் பாருங்கள். பக்கத்திலிருக்கும் உலாவியில் தட்டும் கடவுச்சொல், விசை விசையாக அங்கே வந்து விழும். நிர்வாகி அனுமதிகூடத் தேவையில்லை. எக்ஸ்11-க்கு மாற்றாக வந்த வேலாண்டிலோ, விசையழுத்தம் எந்தச் சாளரத்துக்கு உரியதோ அதற்கு மட்டுமே போய்ச் சேரும்.

பராமரிப்புச் சுமையும் உண்டு. ஃபெடோரா 2016-இலேயே வேலாண்டுக்கு மாறிவிட்டது. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10-இல் எக்ஸ்.ஆர்க் சர்வரே இல்லை. சோதித்துப் பார்க்க ஆள் குறைந்துவரும் பின்தளத்தில் பிழைகள் தேங்கத்தான் செய்யும்.

ஏன் நிபந்தனை விதிக்கிறோம்

கடவுச்சொல்லைக் கசியவிடும் அதே திறந்த கதவு வழியாகத்தான் ஓர்கா திரைபடிப்பானும் வேலை செய்துவந்தது. எந்தச் சாளரம் முன்னால் இருந்தாலும் பார்வையற்ற பயனர் அழுத்தும் கட்டளை விசையை அது பிடித்தாக வேண்டும். வேலாண்ட் அந்தக் கதவை மூடியதும் இந்த வசதி தடுமாறியது. க்னோம் மேசைத்தளத்தின் 48-ஆம் பதிப்பில்தான் ஓர்காவின் விசைகளுக்கு முறையான வழி பிறந்தது. அதுவும் வந்தது 2025 மார்ச்சில்தான். எக்ஸ்11-க்கு முடிவு குறித்த அதே மாதத்தில்.

எங்கள் கோரிக்கைகள்

1. திரைபடிப்பானுக்கும் திரை விசைப்பலகைக்கும் தேவையான இடைமுகங்கள் க்னோமோடு நின்றுவிடாமல், எல்லா வேலாண்ட் மேசைத்தளங்களுக்கும் பொதுவாக வேண்டும்.

2. உள்ளீட்டு முறைகளுக்கு எல்லா வேலாண்ட் மேசைத்தளங்களும் ஒரே அளவில் ஆதரவு தருவதில்லை. தமிழ்99 முறையில் தட்டச்சு செய்பவர், மேசைத்தளம் மாறினால் தட்டச்சு நின்றுபோகுமோ என்று அஞ்சும் நிலை கூடாது.

3. எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளத்தின் 4.20 பதிப்பில் வேலாண்ட் ஆதரவு இன்னும் சோதனை நிலையில்தான் இருக்கிறது. பழைய கணினிகளில் எக்ஸ்11 மீது எக்ஸ்எஃப்சிஇ-யை நம்பியிருப்போருக்காக, ஜிடிகே 5 வந்த பின்னும் ஜிடிகே 4-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர வேண்டும். எதுவரை என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

நிரலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: எக்ஸ்11-க்கு மட்டுமே உரிய அழைப்புகளை உங்கள் நிரல்களிலிருந்து இப்போதே களையத் தொடங்குங்கள். மாற்று வழி இல்லாத அழைப்பு எதுவென்று தெரிந்தால், பிழைப்பதிவில் எழுதுங்கள். ஜிடிகே 5-இன் வடிவம் உறுதியாவதற்குள் அந்தப் பட்டியல் மேம்படுத்துநர்கள் கையில் இருக்க வேண்டும்.