வீமன் உண்டால் வீரம். காலியா உண்டால் கேலியா?

பி.எஸ்சி. (வேதியியல்), இரண்டாம் ஆண்டு

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டால், வேதியியல் மாணவன் அணுவைப் பற்றியோ அமிலத்தைப் பற்றியோ எழுதுவான் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நான் எழுதப் போவதோ ஒரு பொம்மைப் படத்தைப் பற்றி. ‘கல்லூரி மலரில் கார்ட்டூனா?’ என்று பேராசிரியப் பெருமக்கள் புருவம் நெரிக்கலாம். ஆனால் என் வயதொத்த நண்பர்களே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். செம்மஞ்சள் வேட்டியும் கையில் லட்டுமாகத் தொலைக்காட்சியில் ஓடிவந்த அந்தச் சிறுவனை, சோட்டா பீமை, மறந்தவர் நம்மில் யார்?

ஐதராபாத்தில் ராஜீவ் சிலகா 2001ஆம் ஆண்டு தொடங்கிய கிரீன் கோல்டு அனிமேஷன் நிறுவனத்தின் படைப்பு அது. 2008ஆம் ஆண்டு போகோ அலைவரிசையில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. அதற்கு முன் நம் நாட்டுப் பிள்ளைகள் பார்த்த பொம்மைப் படங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வரையப்பட்டவை. டோலக்பூர் என்னும் கற்பனை ஊர், அதன் அரசன் இந்திரவர்மன், தோழி சுட்கி, குட்டிப்பையன் ராஜு, பேசும் குரங்கு ஜக்கு ஆகிய அனைவரும் எங்களிடம் தமிழில் பேசினார்கள்.

2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் கிடைத்த 14 அங்குலப் பெட்டி பெண்ணாடத்தில் எங்கள் தெருவில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருந்தது. கேபிள் இணைப்புக்கு மாதாமாதம் பணம் கட்ட முடிந்தவர்கள்தாம் சிலர். அதனால் பிள்ளைகள் அனைவருக்கும் எதிர்வீட்டு அத்தையின் கூடமே கொட்டகை. எங்களுக்குத் துணையாக என் ஆயாவும் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். முதல் நாளே, “அட, இது நம்ம வீமன்டா!” என்றார்.

ஆயா பள்ளிக்கூடம் போனவரல்லர். ஆனால் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் விடிய விடியப் பாரதக் கூத்துப் பார்த்தவர். பகாசுரன் வதம் நடக்கும் நாளில் வீமன் வேடமிட்டவர் சோற்று வண்டியில் ஏறித் தெருத்தெருவாக வருவதையும், வீடுதோறும் பெண்கள் உணவு கொண்டுவந்து தருவதையும் கண்ணால் கண்டவர். விருகோதரன், அதாவது ஓநாய் வயிறுடையவன், என்பது வீமனுடைய பெயர்களுள் ஒன்று என்பதைப் பிற்காலத்தில் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆயாவுக்கு அது படிக்காமலே தெரிந்திருந்தது.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். சூப்பர்மேன் வேறு கோளிலிருந்து வந்தவன். நம் சூரியன் அவனுக்கு ஆற்றல் தருகிறது. ஸ்பைடர்மேனைக் கதிரியக்கச் சிலந்தி கடித்தது. பேட்மேன் பெரும் பணக்காரன். பென் டென்னிடம் வேற்றுலகக் கைக்கடிகாரம் உண்டு. சோட்டா பீமுக்கு இவற்றுள் எதுவுமில்லை. லட்டு தின்றான், பலம் பெற்றான், அவ்வளவே. 1933இல் திரைக்கு வந்த பாப்பாய் என்னும் மாலுமி கீரை தின்று வலிமை பெற்றதைத் தவிர, சாப்பாட்டை இந்த அளவுக்கு மதித்த கார்ட்டூன் வீரனை நான் அறியேன்.

அறிவியலும் இதற்கு முற்றிலும் பகையன்று. ஒரு கிராம் மாவுப்பொருள் ஏறத்தாழ நான்கு கலோரி தருகிறது. ஒரு கிராம் கொழுப்பு ஒன்பது. சர்க்கரையும் மாவும் நெய்யும் சேர்ந்த லட்டு நல்ல எரிபொருள்தான். கதையில் அது நொடியில் வேலை செய்கிறது, உடலில் சற்று நேரம் பிடிக்கிறது என்பதே வேறுபாடு. எங்கள் தெருவில் தினம் லட்டுக்கு வழி ஏது? ஆனால் பள்ளியில் சத்துணவு உண்டு. நான் சேர்ந்த காலத்தில் வாரத்தில் ஐந்து நாளும் முட்டை போட்டார்கள். ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம் புரதம். முட்டையை வாயில் போட்டுக்கொண்டு, பீமைப் போலக் கையை மடக்கி ஒருவரையொருவர் முறைத்துக்கொள்வோம். எங்கள் லட்டு அதுதான்.

இத்தனை இனிமையிலும் எனக்கு ஒரு கசப்பு உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

டோலக்பூரில் இன்னொரு சிறுவனும் இருக்கிறான். பெயர் காலியா. பருத்த உடம்பு, பீமின்மேல் பொறாமை, இரட்டையர் டோலுவும் போலுவும் அவன் பின்னால். இந்தியில் ‘காலா’ என்றால் கறுப்பு. பெயரிலேயே நிறம் ஒலிக்கிறது. அவனுக்கும் சாப்பாடு பிடிக்கும். ஆனால் பீம் தின்றால் கைதட்டல், காலியா தின்றால் சிரிப்பு.

நான் கறுப்பு, சிறுவயதில் பருமனும்கூட. அதோடு சத்துணவில் இரண்டாம் முறை தட்டை நீட்டுகிறவன். மூன்றாம் வகுப்பில் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். நான் தட்டைக் கழுவி முடிக்குமுன், “தட்டு காலியா, காலியா?” என்று ஒருவன் பாடுவான், வரிசையே சிரிக்கும். நம் மொழியில் அந்தப் பெயர் இப்படிச் சிலேடையாகும் என்று ஐதராபாத்தில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

பாட்டுக்கு அஞ்சி இரண்டாம் முறை கேட்பதை நிறுத்தினேன். பிறகு முதல் முறையே ‘போதும், போதும்’ என்றேன். பத்து நாள் கழித்துக் காலை இறைவணக்கத்தில் மயங்கி விழுந்தேன். தண்ணீர் தெளித்து எழுப்பிய சமையல் அம்மா ஆசிரியரிடம் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது: “இவன் காலையில வெறும் வயித்தோட வர்ற புள்ள, சார். அதனாலதான் மத்தியானம் ரெண்டு கரண்டி கேப்பான்.”

உண்மை அதுதான். அப்பா விருத்தாசலத்தில் பீங்கான் சூளை வேலைக்கு விடியலில் போய்விடுவார். அம்மா கரும்புக் கொல்லைக்கு அதற்கும் முன்பே கிளம்பிவிடுவார். பல நாள் காலையில் அடுப்பு எரியாது. என் இரண்டாவது கரண்டி பெருந்தீனி அன்று. காலைச் சோற்றின் பாக்கி. அது சிரித்தவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அன்று மாலை ஆயா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, “பகாசுரனுக்குக் கொண்டுபோன சோத்த வழியிலேயே வீமன் தின்னானே, எவனாச்சும் சிரிச்சானா? தின்னவன்தான்டா அசுரன அடிச்சான். நீ தட்ட நீட்டு” என்றார். மறுநாள் நீட்டினேன். பாட்டு உடனே நிற்கவில்லை. ஆனால் நான் பட்டினி கிடக்கவில்லை.

‘வெறும் நகைச்சுவைதானே, இதைப் பெரிதுபடுத்தலாமா?’ என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், தொடரில் பீமே பலமுறை காலியாவை ஆபத்திலிருந்து காப்பாற்றுகிறான். அந்தப் பெருந்தன்மையை நாம் கற்கவில்லை. சிரிப்பை மட்டும் கற்றோம். 2020ஆம் ஆண்டு, பீம் சுட்கியை விட்டு இளவரசி இந்துமதியை மணந்துவிட்டான் என்று ஒரு வதந்தி பரவியது. வளர்ந்த இளைஞர்கள் சமூக ஊடகங்களில் சுட்கிக்கு நியாயம் கேட்டார்கள். அவர்கள் இன்னும் குழந்தைகளே, திருமணம் எதுவும் நடக்கவில்லை என்று நிறுவனமே விளக்கம் தந்தது. விளையாட்டாகவேனும் சுட்கிக்காக நியாயம் கேட்ட நாம், காலியாவுக்காக ஒரு சொல் கேட்டோமா?

எங்கள் பெண்ணாடம் கலிக்கம்ப நாயனாரின் ஊர். அடியார்க்கு அமுது படைப்பதே அவர் தொண்டு. முன்பு தம்மிடம் ஏவல் செய்து பிரிந்துபோனவர் அடியாராக உண்ண வந்தபோதும் அவர் கால்களை விளக்க முற்பட்டார் என்கிறது பெரியபுராணம். தயங்கிய மனைவியாரை அவர் தண்டித்த கடுமையை இன்று நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும் உண்ண வந்தவர் யார், எப்படிப்பட்டவர் என்று எடைபோடாத அந்தப் பண்பு நம் ஊர்ச் சொத்து அல்லவா?

2022ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. அப்போது எனக்குப் பதினெட்டு வயது. எனக்கு அது பிந்தி வந்தது. ஆனால் எங்கள் தெருவின் பிள்ளைகள் இன்று பொங்கலோ உப்புமாவோ சாப்பிட்டுவிட்டு இறைவணக்கத்தில் நிற்கிறார்கள். உணவை அரசு தரலாம். அதை வெட்கமின்றி வாங்கி உண்ணும் துணிவை உடன் உண்பவர்கள்தாம் தர முடியும் என்பது என் தாழ்மையான கருத்து.

சோட்டா பீமை நான் வெறுக்கவில்லை. இன்றும் எங்காவது அந்தப் பாட்டுக் கேட்டால் கால் நின்றுவிடுகிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆயாவுடன் சேர்ந்து அமர்ந்து சிரித்த அந்த மாலைகளும் என்னை வளர்த்தவையே. நான் கேட்பது ஒன்றுதான். நம்மில் பலர் நாளை பி.எட். முடித்து நடுநிலைப்பள்ளிக்கும் உயர்நிலைப்பள்ளிக்கும் ஆசிரியர்களாகப் போகிறோம். ஒரு பிள்ளை இரண்டாம் முறை தட்டை நீட்டும்போது வரிசை சிரித்தால், அதைக் காணாததுபோல் போய்விட வேண்டாம். அந்தப் பிள்ளை காலையில் என்ன சாப்பிட்டது என்று தனியே அழைத்துக் கேளுங்கள்.

அதுவரை நம் வகுப்பிலிருந்தே தொடங்கலாம். பெண்ணாடத்திலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் முதல் பேருந்தில் வெறும் வயிற்றோடு வருபவர்கள் நம் பெஞ்சிலும் இருக்கிறார்கள். ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்போம். ‘எவ்வளவு சாப்பிட்டாய்?’ என்று கேட்க வேண்டாம்.