வெள்ளைக் கையுறை
தீயணைப்பு நிலையத்துக்கு மரியாதை அணி எதற்கு, அந்தக் காசுக்கு நாலு குழாய் வாங்கலாமே என்றார் திரிங்காப் சாப்பாட்டுக் கடையில் ஒருவர். நானும் ஒரு காலத்தில் அந்தக் கட்சிதான். 2018 அக்டோபர் 3 என்னை மாற்றியது: பூச்சோங் சுரங்கக் குட்டையில் விழுந்த பையனைத் தேடி, ஒரே கயிற்றில் இணைந்து இறங்கிய பொம்பா (தீயணைப்பு) வீரர்கள் ஆறு பேரும் திரும்பவில்லை. 1944இல் பம்பாய்த் துறைமுகத்தில் மாண்ட 66 தீயணைப்பு வீரர்களுக்கு இந்தியா இன்றும் ஏப்ரல் 14இல் அஞ்சலி செலுத்துகிறது. அப்படி மாண்டவர்களுக்கு மரியாதை அணி சவப்பெட்டி தூக்குவதும் பழக வேண்டிய வேலைதான். தோட்டத்துச் சாவில் பார்த்திருப்பீர்கள், உயரம் ஒவ்வாத நாலு பேர் தோள்கொடுக்க, தேயிலைச் சரிவில் பாடை ஒரு பக்கமாகச் சாயும். (தூக்கியவர்களில் நானும் ஒருவன், குள்ளன்.) சாயாமல் கொண்டுபோக, வேலை முடிந்த மாலைகளில் மணல் நிரப்பிய பெட்டியோடு ஆறு பேர் நடை பழகட்டும். நெருப்புக்குப் போடும் தடித்த கையுறையைக் கழற்றிவிட்டு, வெள்ளையை மாட்டிக்கொண்டு.