மணியடித்து வரும் திருடர்கள்

இருட்டில் வருவான், ஓசையின்றி வருவான் என்பது பழைய திருடனின் கதை. இன்றைய திருடன் பட்டப்பகலில் மணியடித்து வருகிறான்! "சி.பி.ஐ. பேசுகிறோம். உன் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் பிடிபட்டிருக்கிறது. உன்னை டிஜிட்டல் கைது செய்கிறோம்" என்று மிரட்டுகிறான். வீடியோவில் காக்கிச் சட்டையும் காட்டுகிறான். அஞ்சியவர் ஆயுள் முழுதும் சேர்த்ததை அனுப்பிவிடுகிறார்.

தோழர்களே! 'டிஜிட்டல் கைது' என்பது நம் நாட்டின் எந்தச் சட்டத்திலும் இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொல்ல நேர்ந்தது. அந்த 2024-இல் மட்டும் இணையவழி மோசடிகளில் மக்கள் இழந்தது 22,800 கோடி ரூபாய்க்கு மேல். முந்தைய ஆண்டைப்போல் மூன்று மடங்கு! நாம் கூட்டிச் சொல்லும் கணக்கல்ல இது. உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் வைத்த கணக்கு.

மறுமுனையில் பேசுபவன் யார்? கணினி வேலை, கைநிறையச் சம்பளம் என்று நம்பி வெளிநாடு போய், மியான்மரிலும் கம்போடியாவிலும் அடைபட்டு, அடிக்கு அஞ்சி இத்தொழில் செய்தவர்கள் உண்டு. 2022-இல் மியாவடியிலிருந்து மீண்டவர்களில் தமிழ் இளைஞர்களும் இருந்தனர். வேலையில்லாதவனைச் சிறைபிடித்து, உழைத்துச் சேர்த்தவனைச் சுரண்டுகிறது அந்தக் கூட்டம்!

பறித்த பணம் எவ்வழி போகிறது? பல நேரம் ஏழையின் வங்கிக் கணக்கு வழியே! "கணக்கைக் கொடு, கமிஷன் வாங்கிக்கொள்" என்பார்கள். கமிஷன் சில நூறு. விலங்கோ கணக்குக்காரன் கைக்கு!

செய்ய வேண்டியது என்ன? மிரட்டல் வந்தால் பேச்சை வளர்க்காமல் துண்டியுங்கள். ஓ.டி.பி.யை எவருக்கும் சொல்லாதீர்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை, கேட்பவன் திருடன். பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள். விரைந்து சொன்னால், போகும் வழியிலேயே பணத்தை முடக்க வாய்ப்புண்டு. விளம்பரத் தொல்லைக்கு 1909 என்ற எண்ணில் தடை பதியலாம்.

எச்சரிக்கை மட்டும் போதுமா? போலி சிம் விற்றது யார்? திருடனின் பணம் தங்கக் கணக்குத் திறந்தது யார்? விளம்பர அழைப்புகளைக் கட்டுப்படுத்த 2018 முதல் விதிமுறை இருந்தும் தொல்லை ஓயவில்லையே, ஏன்? கட்டணம் வாங்கும் கம்பெனியும் காசு காக்கும் வங்கியும் பொறுப்பேற்க வேண்டும். ஏற்கவைப்பது அரசின் கடமை.

ஆலைவாசலிலும் படிப்பகத்திலும் இதைப் பேசுவோம். ஏமாந்தவரை எள்ளி நகையாட வேண்டாம். வெட்கத்தால் அவர் வாய்மூடினால், வாழ்வு திருடனுக்கே!