துப்பாக்கி இல்லாத வேட்டை!

செமஸ்டர் முடிஞ்சு நாலு நாள் லீவு. பாக்கெட்ல காசு கம்மி. என்ன பண்ணலாம்? வேட்டைக்குப் போலாம்! பதறாதீங்க... போலீஸ் வராத வேட்டைதான்.

எங்க காலேஜ் சீனியர் ஒருத்தர் அமெரிக்காவுல எம்.எஸ். படிக்கிறார். வயோமிங் மாநிலத்துல 'பிராங்ஹார்ன்' வேட்டைக்கு, கைடு யாரும் இல்லாம தானே பிளான் போடுறாராம். அங்கே அது சட்டப்படி ஓகே. ஆனா, சும்மா போயிட முடியாது. லைசென்ஸுக்குக் குலுக்கல்ல பேர் வரணும். எது அரசு நிலம், எங்கேர்ந்து தனியார் நிலம்னு மேப்பைக் கரைச்சுக் குடிக்கணும். பொட்டல்வெளியில மறைஞ்சு நிக்க மரம் கூட இல்லையாம். பிராங்ஹார்னுக்கோ செம கூர்மையான கண்ணு!

"நம்ம ஊர்ல இப்படி ஏதாச்சும் இருக்காடா?"ன்னு கேட்டார். எங்க திருமுடிவாக்கம் சிட்கோ பக்கம் லேத் சத்தம்தான் இருக்கு. மானுக்கு எங்கே போறது? யோசிச்சப்போ மண்டையில பல்பு எரிஞ்சது. வெளிமான்!

ரெண்டும் புல்வெளிப் பார்ட்டிங்க. ரெண்டும் மணிக்கு 80 கிலோமீட்டரை அசால்ட்டா தொடும். வெளிமானைத் துரத்தின சிவிங்கிப்புலி இந்தியாவுல அழிஞ்சு போச்சுன்னு 1952-லயே அறிவிச்சுட்டாங்க. 2022-ல் நமீபியாவுலேர்ந்து கொண்டு வந்து மத்தியப் பிரதேசம் குனோவுல விட்டது தனிக்கதை. துரத்த ஆள் இல்லாமப் போயும் வெளிமான் வேகத்தை மட்டும் விடலை!

ஒரு விஷயம் க்ளியர். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. அதுல வெளிமான் முதல் அட்டவணை. சுட்டா குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் ஜெயில். 1998-ல் ராஜஸ்தான்ல வெளிமானைச் சுட்ட வழக்குல, 2018-ல் சல்மான் கானுக்கே 5 வருஷம் தண்டனை விதிச்சது ஜோத்பூர் கோர்ட். அவர் அப்பீல் போனார். நாம எங்கே போறது? ஸோ, சீனியர் பிளான்லேர்ந்து துப்பாக்கியை மட்டும் கழிச்சுட்டேன். மீதி எல்லாம் அப்படியே செட் ஆகுது!

முதல்ல ஹோம்வொர்க். அவுட்டர் ரிங் ரோட்டைப் பிடிச்சு வண்டலூர் ஜூவுக்குப் போங்க (செவ்வாய்க்கிழமை லீவு!). புள்ளிமானுக்குக் கிளை கிளையா கொம்பு, விழுந்து மறுபடி முளைக்கும். வெளிமானுக்கு முறுக்கின கொம்பு, கிளையும் கிடையாது, விழவும் விழாது. வளர்ந்த ஆண் கறுப்பு வெள்ளை, பெண் வெளிர் பழுப்பு. இது தெரியாம கிளம்பாதீங்க.

அடுத்து ஸ்பாட். கிண்டி நேஷனல் பார்க்லயும் ஐ.ஐ.டி. கேம்பஸ்லயும் வெளிமான் இருக்கு. ஆனா ரெண்டுமே நினைச்சப்போ நுழையுற இடம் இல்லை. நம்ம சாய்ஸ் கோடியக்கரை. வெளிமானுக்காகவே 1967-ல் அறிவிச்ச சரணாலயம். நைட்டு கிளம்பி வேதாரண்யம், அங்கேர்ந்து லோக்கல் பஸ். வனத்துறை ஆபீஸ்ல அனுமதி வாங்கிட்டுத்தான் உள்ளே. பைனாகுலர், தொப்பி, தண்ணி, மண் கலர் சட்டை போதும். ஜனவரி, பிப்ரவரி பெஸ்ட். மழையும் விட்டிருக்கும், பறவைகளும் இருக்கும்.

இனி நாங்க சொதப்பின கதை. போன பிப்ரவரியில நாலு பேர் போனோம். விடிஞ்சதுமே ஒரு கூட்டம் கண்ணுல பட்டுச்சு. போட்டோ ஆசையில கிட்டக் கிட்டப் போனோம். ஒரு பெண்மான் துள்ளுச்சு, அவ்ளோதான்... மொத்தக் கூட்டமும் காத்தா பறந்துடுச்சு. "சூப்பர் ஷாட் மச்சி!"ன்னு நாங்க கை தட்ட, பின்னாடியே வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் அண்ணன் புல்லுக்குள்ள கை காட்டினார். மூச்சு விடுதான்னே தெரியாம ஒரு குட்டி படுத்திருந்தது.

"தாய் திரும்பி வர்ற வரைக்கும் இது இப்படியே கிடக்கும் தம்பி. நரி முந்திக்கிச்சுன்னா?"

யாரும் வாயைத் திறக்கலை. அவர் சொன்னபடி சத்தமில்லாம ரொம்ப தூரம் பின்வாங்கி, ஒரு புதர் நிழல்ல உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் கழிச்சு அந்தப் பெண்மான் நின்னு நின்னு பார்த்துக்கிட்டே வந்துச்சு. குட்டி எழுந்து ஓடிச்சு. அதை நாங்க போட்டோ எடுக்கலை. எடுக்கத் தோணலை.

அப்போதான் புரிஞ்சது, துப்பாக்கி இல்லைங்கிறதாலேயே நாம நல்லவங்க ஆயிட மாட்டோம். 2018 கஜா புயல்ல அடி வாங்கின இடம் அது. சீமைக்கருவேலம் வேற புல்வெளியைத் தின்னுக்கிட்டே இருக்கு. நாமளும் ஏன் துரத்தணும்?

சீனியருக்கு போன் பண்ணி இதைச் சொன்னேன். "எங்க வேட்டையிலயும் முக்கால்வாசி நேரம் சும்மா உட்கார்றதுதான்டா"ன்னார். ஸோ ஃப்ரெண்ட்ஸ், முதல் வேட்டைக்கு ஒரே ரூல்தான். நீங்க வந்துட்டுப் போனதே மானுக்குத் தெரியக் கூடாது. பிஸ்கட் கவரையும் பையிலயே போட்டுக்குங்க.

கிளம்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்!