குழாயைக் கழற்றிய வீரர்கள்

சத்தமே எனக்கு ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். தவில் கச்சேரியை முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறவன் நான். தீபாவளிக்கு அணுகுண்டு கொளுத்தும் பையன்களிடம்கூட எனக்கு விரோதம் கிடையாது. அது வருஷத்தில் ஒரு நாள். என் சண்டையெல்லாம், மோட்டார் சைக்கிளின் ஸைலன்ஸரைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறுங்குழாயோடு இரவு பதினொன்றரை மணிக்கு எங்கள் மேற்கு மாம்பலத் தெருவில் போகிற வீரர்களோடுதான்.

அந்த வீரர்களில் ஒருவன் என் மருமான். குழாய்க்குப் பணம் கொடுத்தவன் நான். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்தால் அவமானம் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

"ஸைலன்ஸர் இருந்தால் வண்டிக்கு மூச்சு முட்டுகிறது, மாமா. இதைப் போட்டால் பவர் ஏறும்" என்றான். தீபாவளிச் செலவுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தேன். மூச்சு முட்டுகிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் எந்த மாமன்தான் சும்மா இருப்பான்?

அந்த மூச்சு சமாசாரத்தைப் பிறகுதான் விசாரித்தேன். ஒற்றைச் சிலிண்டர் வண்டியின் இன்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால், விநாடிக்கு 25 தடவை வால்வு திறந்து, எரிந்த வாயு அழுத்தத்தோடு வெளியே பாய்கிறது. அதாவது விநாடிக்கு 25 வெடி. ஸைலன்ஸருக்குள் இருக்கும் அறைகளும் துளையிட்ட குழாய்களும் அந்த வெடிகளை ஒன்றோடொன்று மோதவிட்டு அடக்குகின்றன. குழாயின் நீளத்தையும் சும்மா வைக்கவில்லை. அதற்குள் ஓடித் திரும்பும் அலை, அடுத்த வாயுவை இழுத்துவிட உதவும்படி கணக்குப் பார்த்து வைத்திருக்கிறார்கள். பந்தய வண்டியில் குழாயை மாற்றினால் இன்ஜினையும் அதற்குத் தக்கபடி திருத்துகிறார்கள். அங்கே பலன் உண்டு. குழாயை மட்டும் மாற்றிய நம் வீரருக்கோ, தெருவில் ஓட்டும் வேகத்தில் இழுப்பு குறைவதுதான் வழக்கம். காது நிறையச் சத்தம் கேட்பதால் வேகம் கூடியதாக ஒரு பிரமை! பல வண்டிகளில், பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய ஒரு தேன்கூடு அந்தக் குழாயிலேயே இருந்து விஷப் புகையைச் சுத்தம் செய்கிறது. அதையும் கழற்றிவிட்டால், கார்பன் மோனாக்ஸைடு பின்னால் வருகிறவர் மூக்குக்கு நேரே போகிறது.

"சத்தம் கேட்டால் முன்னால் போகிறவன் ஒதுங்குவான், விபத்து வராது" என்று இன்னொரு சமாதானமும் வைத்திருக்கிறார்கள். ஐயா, குழாயின் வாய் பின்பக்கம் அல்லவா பார்க்கிறது? கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காரில் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகிறவர் ஒதுங்கமாட்டார். நீங்கள் கடந்து போன பிறகு, வீட்டுக்குள் படுத்திருக்கிறவர்தான் எழுந்து உட்காருவார்.

எங்கள் வீட்டு மாடியில் ஒரு தம்பதி குடியிருக்கிறார்கள். அந்த அம்மாளுக்கு இருதய ஆபரேஷன் ஆகி, வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஒரு நாள் காலை அவருடைய கணவர் இறங்கி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நானும் பதில்களைத் தயார் செய்துகொண்டேன். அவர் தணிந்த குரலில் கேட்டார்: "உங்கள் மருமான் ராத்திரி வழக்கமாக எத்தனை மணிக்கு வருவார் ஸார்? கண் அசந்த பிறகு தூக்கிவாரிப் போட்டால் அவளுக்கு அப்புறம் தூக்கமே வருவதில்லை. அவர் வந்த பிறகே மாத்திரை கொடுக்கலாம் என்று பார்க்கிறேன்."

தயார் செய்த பதில்களில் ஒன்றும் உதவவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-வது விதி, உழுகிற டிராக்டருக்குக்கூட ஸைலன்ஸர் வேண்டும் என்கிறது. 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெஸிபல் என்று எல்லை கட்டியிருக்கின்றன. பத்து டெஸிபல் கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்கு என்பது கணக்கு. பல ஊர்களில் போலீஸார் பறிமுதல் செய்த குழாய்களை நடுரோட்டில் பரப்பி, ரோடு ரோலர் ஏற்றி நசுக்குகிறார்கள். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான்! ஆனால் அதே ரோட்டில், அதே குழாய்களைக் கடை வாசலில் கரும்புக் கட்டைப் போலச் சாத்தி வைத்து விற்கிறார்களே, அந்தப் பக்கம் ரோலர் ஏன் திரும்புவதில்லை?

எனக்கு உறுத்துவது இன்னொரு வரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவு, இப்படிப்பட்ட வண்டியை ஓட்டுகிறவரை மட்டும் சொல்லவில்லை. ஓட்டச் செய்கிறவரையும் ஓட்ட அனுமதிக்கிறவரையும் சேர்த்தே சொல்கிறது. 2019-ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பிறகு, முதல் குற்றத்துக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருபது வயதுப் பையனுக்கு இந்தக் குழாய் வாங்கப் பணம் எங்கிருந்து வருகிறது? "வயசு அப்படி" என்று சிரிக்கிற அப்பாக்களும், பெருமையோடு வாசலில் நின்று பார்க்கிற பெரியப்பாக்களும், என்னைப் போன்ற மாமன்களும் கொடுப்பதுதானே? பையன்களை வைவதில் எனக்கு உற்சாகம் போய்விட்டது. ரோலருக்கு முன்னால் வரிசையாக உட்கார வேண்டியவர்கள் நாங்கள்தாம்.

மருமானிடம் மாடி அம்மாளின் மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் அவனே என்னைப் பின்னால் உட்கார வைத்துக் கடைக்கு அழைத்துப் போனான். "எங்கள் பழைய ஸைலன்ஸர் வேண்டும்" என்றேன். கடைக்காரர் எங்களைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனார். சுவரோரம் இடுப்பளவு உயரத்துக்கு ஸைலன்ஸர்கள் குவிந்து கிடந்தன.

"இதிலே உங்களது எது ஸார்?" என்றார்.